காவலாளி வந்தானா, வந்தாளா? நீலகிரியில் ஆடுபவர்களுக்கு ஒரு மினியேச்சர் ஒப்பீடு

ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் பாத்திரமேற்று மேஜையில் ஆடும் ஆட்டத்தைத் தமிழில் நடத்தும்போது வினைமுற்று யாரையும் சும்மா விடாது. கதவருகே ஒரு காவலாளி தோன்றினால் "வந்தான்" என்றோ "வந்தாள்" என்றோ சொல்லியே ஆக வேண்டும். "வந்தார்" என்று மரியாதைக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் வழிப்பறிக் கும்பலுக்கு யாரும் 'ஆர்' விகுதி போடுவதில்லை. ஆட்டத்தை நடத்துபவர் இதை யோசித்துச் சொல்வதும் இல்லை. மேஜையில் பாத்திரமாக நிற்கும் மூன்று சென்டிமீட்டர் மினியேச்சர் உருவத்தைப் பார்க்கிறார், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பெட்டியில் இருக்கும் இருபது பேரும் தாடி வைத்தவர்கள் என்றால் மூன்று மணி நேரமும் '-ஆன்' மட்டுமே கேட்கும். சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறு பேரில் மூன்று பேர் பெண் பிள்ளைகள் என்றாலும் அதேதான் கேட்கும்.

சதுரங்கத்தில் இதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். ஐரோப்பாவில் ராணியாகிவிட்ட காயைத் தமிழ் வீடுகளில் மந்திரி என்றே சொல்லி வந்தோம். வடிவம் ஒன்றுதான், நகர்வும் ஒன்றுதான். ஆனால் ராணி வெட்டினாள், மந்திரி வெட்டினான்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நண்பர்கள் வீட்டிலோ பள்ளி விடுதியிலோ நூலக அறையிலோ டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான ஆட்டத்துக்கு மேஜை போடப் போகிறவர்களை மனத்தில் வைத்து இந்த ஒப்பீடு. நான்கு முதல் ஆறு பேர் ஆடுகிறார்கள், ஏறத்தாழ 24 மினியேச்சர் (சுருக்கமாக மினி) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாள் உரு, தனித்தனியாக விற்கும் ஆயத்த உரு, பாகம் பாகமாக ஒட்டும் பிளாஸ்டிக் பெட்டி, ரெசின் பிரிண்ட் என்று வழி நான்கு. மலையின் குளிரும் ஈரமும் ஒவ்வொன்றிலும் குறுக்கே வரும். சமவெளியில் இருப்பவர் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் பொருந்தும்.

வாங்கும் முன் ஒரு எண்ணிக்கை

24 உருவை 6 நாயகர், 10 எதிரிகள், 8 ஊர்க்காரர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். "எங்களிடம் பெண் மினி இருக்கிறதே" என்பவர்களின் பெட்டியைத் திறந்தால், இருக்கும் ஒன்றிரண்டும் நாயகர் வரிசையில் நிற்கும்: ஒரு வில்லாளி, ஒரு மந்திரக்காரி. எதிரிகள் பத்துப் பேரும் ஆண்கள். கடைக்காரர், படகோட்டி, கொல்லர் எல்லாரும் ஆண்கள். வயதான பெண் ஒருத்தி இருந்தால் அவள் சூனியக்காரி.

நாயக உருவை ஆடுபவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். மீதி 18 பேரைத் தேர்ந்தெடுப்பது பணம் கொடுத்து வாங்கும் நீங்கள். அதனால் கணக்கை அங்கே தொடங்குங்கள். எதிரிகளில் நால்வர் அல்லது ஐவர் பெண்கள், ஊர்க்காரர்களில் பாதி. காவல் தலைவி நரைத்த முடியோடு இருக்கட்டும். முக்காடிட்டு, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி மூன்று நான்கு உரு கட்டாயம் வேண்டும். அவற்றைத் திருநங்கை, திருநம்பி உட்பட எந்தப் பாத்திரத்துக்கும் வைக்கலாம், ஆடுபவர் சொன்ன பிறகு வினைமுற்றை முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 28 மி.மீ. மினி என்றால் பாதத்திலிருந்து கண் வரை 28 மி.மீ.; சுமார் 1:56 அளவு. இந்த அளவில் 172 செ.மீ. உயரமுள்ளவர் 30.7 மி.மீ., 160 செ.மீ. உயரமுள்ளவர் 28.6 மி.மீ. வேறுபாடு இரண்டு மி.மீ. மட்டுமே. முகம் நான்கு மி.மீ.தான். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உடல் வளைவு தெரியாது. தெரிவது வெளிக்கோடு: பின்னல், கொண்டை, முந்தானை, தாவணியின் விளிம்பு. "பெண் என்று தெரிய வேண்டாமா" என்று சொல்லி மார்புக் கவசத்தை இரண்டு கிண்ணமாக வார்க்கும் சிற்பிகளுக்கு இதுவே பதில். உண்மையான மார்புக் கவசம் ஒரே மேடாக இருந்து ஈட்டி முனையை வெளிப்பக்கம் வழுக்கிவிடும். இரண்டு கிண்ணமாக இருந்தால் முனை நடுவில் வழுக்கி நெஞ்செலும்பில் போய் நிற்கும்.

தாள் உரு

சிலர் இதை ஏழைக்கேற்ற மாற்று என்று ஒதுக்குகிறார்கள், அது தவறு. பிரதிநிதித்துவத்துக்கு இதைவிடச் சுதந்திரமான வழி இல்லை. வரையத் தெரிந்தவர் ஒருவர் போதும். எந்த நிறம், எந்த வயது, எந்த உடை வேண்டுமானாலும் வரும். 24 உருவுக்கும் ஆகும் செலவு ஒன்றிரண்டு பிளாஸ்டிக் உருவின் விலைக்குள் அடங்கும்.

படத்தை 38 மி.மீ. உயரம், 25 மி.மீ. அகலத்தில் அமைத்து, மேலே தலைகீழாக அதன் மறுபக்கத்தை வரையுங்கள். கீழே இரு பக்கமும் 10 மி.மீ. மடிப்பு விடுங்கள். மொத்தம் 96 மி.மீ. நீளம். ஒரு ஏ4 தாளில் 16 உரு அடங்கும், ஆக இரண்டு தாள் போதும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் அட்டையில் லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் மை மலை ஈரத்தில் ஊறிப் பரவலாம், லேசர் பிரிண்டின் டோனர் பரவாது. மடித்து ஒட்டியதும் இரு பக்கமும் ஒரே நாளில் வார்னிஷ் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரத்தை இழுத்து உரு வில்லாக வளையும். லேமினேஷன் வேண்டாம், வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் புகுந்து பிரிந்துவிடும். அடியில் 25 மி.மீ. அட்டை வட்டம், அதன் கீழ் எம்-12 வாஷர். அதன் வெளிவிட்டம் 24 மி.மீ., கனம் 2.5 மி.மீ.; ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஜன்னல் வழியே மேகம் உள்ளே வரும் வீட்டிலும் உரு சாயாது.

குறை ஒன்று: பக்கவாட்டில் பார்த்தால் கோடுதான் தெரியும், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று குழப்பம் வரும்.

ஆயத்தமாக விற்பவை

விஸ்கிட்ஸ் நிறுவனத்தின் நோல்ஸூர் வரிசையில் ஆண் தனி, பெண் தனி எனப் பொட்டலம் உண்டு. வர்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் பிரைமர் (வாலேஹோ நிறுவனத்தது) பூசியே வரும். நாயகர் ஆறு பேருக்கு இது வசதி. பிரைமர் வேலை மிச்சம் என்பது மலையில் சின்ன லாபமில்லை, காரணம் கீழே வருகிறது. ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வரிசை வளையும் பிவிசி. வாள் கோணினால் கொதிக்கும் சூட்டுக்குச் சற்றுக் குறைந்த நீரில் முக்கி நிமிர்த்தி உடனே குளிர்நீரில் வைத்தால் நிற்கும். பிவிசி-யில் ஸ்ப்ரே பிரைமர் பல நேரம் காயாமல் பிசுபிசுக்கும், தூரிகையால் பூசும் பிரைமரே சரி. இங்கிலாந்தின் பேட் ஸ்க்விடோ கேம்ஸ் 'நம்பத்தகுந்த பெண் மினியேச்சர்' என்பதையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. உடை உடையாகவும் கவசம் கவசமாகவும் இருக்கும். எப்படிச் செய்யலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல உதாரணம். இறக்குமதிச் செலவு சேர்ந்தால் 24 உருவை இந்த வழியில் வாங்குவது கட்டுப்படியாகாது. பழைய உலோக உருக்களில் ஈயம் இருக்கலாம்; சிறு பிள்ளைகள் கை வைக்கும் மேஜைக்கு அவை வேண்டாம்.

பாகம் பாகமாக ஒட்டும் பிளாஸ்டிக்

எங்கள் முதல் பரிந்துரை இது. பெண் வீரர்கள் பிளாஸ்டிக் பெட்டியாக வர நெடுங்காலம் ஆனது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில் என்ற பெண் வீரர்கள் 1997-இல் உலோகத்தில் வந்தார்கள். பிளாஸ்டிக் படையாக 2019-இல்தான் வந்தார்கள். இப்போது நிலைமை தேவலை. நார்த் ஸ்டார் வெளியிடும் ஃப்ராஸ்ட்கிரேவ் வரிசையில் 'சோல்ஜர்ஸ்' பெட்டியில் ஆண்கள் 20 பேர், 'சோல்ஜர்ஸ் டூ' பெட்டியில் பெண்கள் 20 பேர். தலையும் கையும் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும். இரண்டு பெட்டி வாங்கினால் 40 பேர். எதிரி, ஊர்க்காரர், காவலர் எல்லாம் முடிந்துவிடும். பனி நகரத்துக் கதைக்காகச் செய்யப்பட்டவை என்பதால் மேலங்கியும் முக்காடும் நிறைய. டிசம்பர் ஊட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த உடை அந்நியமாகத் தெரியாது.

தலை மாற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'ஹீரோயிக்' அளவில் வார்த்த உடலின் தலையும் கையும் பருத்திருக்கும். இயல்பான அளவுள்ள பெண் தலையை அதில் பொருத்தினால் குடத்தின் மேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி இருக்கும். ஒரே வரிசைக்குள் மாற்றுங்கள். கழுத்துக் குழியை 2 மி.மீ. துளைப்பானால் லேசாக அகட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கம் திருப்பி ஒட்டினால் உருவுக்கு உயிர் வரும்.

ஒட்ட பிளாஸ்டிக் சிமெண்ட் எடுங்கள். அது இரு பாகத்தையும் கரைத்து ஒன்றாக்கும். குளிரில் மெதுவாகப் பிடிக்கும், இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. இங்கே படுவேகமாகப் பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும். துளியைக் குச்சி முனையில் எடுத்து வையுங்கள், ஒட்டியதை மூடிய டப்பாவில் வைக்காதீர்கள்.

ரெசின் பிரிண்ட்: மலையில் யோசித்து இறங்க வேண்டிய வழி

ஒளி பட்டால் இறுகும் ரெசின் என்ற திரவத்தை அடுக்கடுக்காக இறுக்கி உரு எடுக்கும் 3டி அச்சு இது. தேர்வு என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஹீரோ ஃபோர்ஜ் போன்ற தளத்தில் முகம், வயது, உடல்வாகு, உடை எல்லாம் நாமே அமைத்துக் கோப்பாகவோ அச்சிட்ட உருவாகவோ வாங்கலாம். ஒரு உருவுக்கு, அச்சாகும்போது அதைப் பிடித்திருக்கும் தாங்கிகளோடு சேர்த்து 6 முதல் 10 மில்லி ரெசின் போதும். நேரம் உயரத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. சாய்த்து வைத்த உரு 40 மி.மீ. என்றால் 0.05 மி.மீ. அடுக்கில் 800 அடுக்கு; அடுக்குக்கு 8 வினாடி என்றால் ஒரே உருவானாலும் தட்டு நிறைய எட்டு உருவானாலும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

பிரச்சினை அறையில் இருக்கிறது. ரெசின் 20 முதல் 30 டிகிரிக்குள் ஒழுங்காக ஓடும். ஊட்டியில் ஜனவரி மாத அறை பகலிலேயே 15 டிகிரியைத் தாண்டத் திணறும். குளிர்ந்த ரெசின் தேன் மாதிரி கெட்டிப்பட்டு, தட்டு மேலே ஏறிய இடத்தை நிரப்ப நேரம் எடுக்கும். அடுக்கு பிரியும், தாங்கி பாதியில் அறுந்து உரு ரெசின் தொட்டியின் அடித்தாளில் ஒட்டிக்கிடக்கும். சரிசெய்ய வழி உண்டு. பாட்டிலை 35 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்துக் குலுக்கி ஊற்றுங்கள், இயந்திரத்துக்குள் சிறு ஹீட்டர் பட்டை வையுங்கள், முதல் ஐந்தாறு அடுக்குக்கு ஒளி நேரத்தைக் கூட்டுங்கள்.

ஆனால் ரெசினுக்குக் காற்றோட்டமும் வேண்டும். ஜன்னலைத் திறந்தால் அறை குளிர்கிறது, மூடினால் ஆவி தங்குகிறது. கழுவப் பயன்படும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். கணப்போ சுருள் ஹீட்டரோ எரியும் அறையில் அதைத் திறக்கவே கூடாது. மலை வீடுகளில் இதுதான் மிகப் பெரிய ஆபத்து. கழுவிய உரு முழுக்க உலர்ந்த பிறகே புற ஊதா விளக்கில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பிசுபிசுப்பும் வெண்படலமும் நிற்கும். மேகம் மூடிய நாளில் வெயிலை நம்பி இறுக்க முடியாது, 405 நானோமீட்டர் விளக்கு தேவை. கழுவிய திரவத்தைத் தொட்டியில் ஊற்றினால் அது ஓடையில்தான் போய்ச் சேரும். கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைத்து, கசடு இறுகிய பின் வடிகட்டி, கசடைத் தனியாக அப்புறப்படுத்துங்கள். இறுகாத ரெசினை வெறுங்கையால் தொட்டால் ஒவ்வாமை வரலாம். நைட்ரைல் கையுறை அவசியம், பிள்ளைகளை அருகே விட வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் பிரிண்ட் வீண், ஆகவே யுபிஎஸ்-உம் செலவில் சேரும்.

கூடலூர் மாதிரித் தாழ்ந்த இடங்களில் குளிர் தொல்லை குறைவு, ஈரத் தொல்லை கூடுதல்.

கோப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விஷயம். பெண் உருவுக்குக் குதிகால் உயர்ந்த காலணியும் குச்சி மணிக்கட்டும் வைத்துச் செதுக்கிய கோப்புகள் நிறைய. 0.8 மி.மீ.க்குக் கீழே உள்ள எந்தப் பாகமும் மேஜையில் நிலைக்காது. அந்தக் கணுக்கால்தான் முதலில் ஒடியும். தட்டையான பூட்ஸ், தரையில் ஊன்றிய பாதம் உள்ள கோப்பை எடுங்கள், அழகும் அதில்தான் இருக்கிறது. கோவையில் அச்சிட்டுத் தருபவர்களிடம் கொடுப்பதானால், பிறர் அச்சிட்டுக் கொடுக்கக் கோப்பின் உரிமம் இடம் தருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

24 உருவுக்காக வீட்டில் இயந்திரம் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வேறெங்கும் கிடைக்காத மூன்று நான்கு பாத்திரங்களை மட்டும் வெளியே அச்சிட்டு வாங்குங்கள்.

இருப்பதைத் திருத்துவது

எந்த வழியில் போனாலும் கொஞ்சம் பட்டி வேலை வரும். எம்-சீல் மலிவு, ஆனால் மணல்மணலாக இருக்கும். பாறைக்கும் அடித்தளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கும் துணிக்கும் க்ரீன் ஸ்டஃப் என்ற எபாக்ஸிப் பட்டி வேண்டும். அது நீலமும் மஞ்சளும் ஒட்டிய நாடாவாக வந்தால், இரண்டும் தொடும் நடுக்கோட்டை 1 மி.மீ. வெட்டி எறியுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகிய துகள் இருக்கும், பிசைந்தாலும் போகாது. சம அளவு எடுத்து ஒரே பச்சையாகும் வரை பிசையுங்கள்.

கிண்ணக் கவசத்தைத் திருத்த, நடுப்பள்ளத்தைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். கடுகை விடச் சற்றுப் பெரிய உருண்டையை அதில் அழுத்தி, ஈரமான சிலிக்கான் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். நடுவில் மெல்லிய ஒரு விளிம்பு நிற்கட்டும். கால் மணி நேர வேலை.

புடவை இன்னும் சுவையானது. வாஸலின் தடவிய பிளாஸ்டிக் தாளில் பட்டியை அரை மி.மீ. கனத்துக்கு உருட்டி, 40 நிமிடம் விடுங்கள். அதற்கு முன் எடுத்தால் கிழியும். 25க்கு 12 மி.மீ. துண்டாக வெட்டி இடுப்பில் சுற்றுங்கள். ஓடும், சண்டையிடும் உருவுக்கு முன்கொசுவம் காலைத் தடுப்பது போல் தெரியும். பின்கொசுவம் வைத்தோ தார்ப்பாய்ச்சியோ கட்டிவிட்டால் கால் விரியும், வாள் வீசுவது நம்பும்படி இருக்கும். கொசுவ மடிப்பை ஊசியின் பக்கவாட்டால் அழுத்துங்கள், முனையால் கீறினால் துணி கல்லாகத் தெரியும். பட்டி இறுக சமவெளியில் ஒரு நாள் என்றால் இங்கே ஒன்றரை நாள். 40 வாட் குண்டு பல்பின் கீழ் ஒரு முழம் தள்ளி வைத்தால் சீக்கிரம் இறுகும்.

சக்கர நாற்காலி நாயகர்களுக்கு 2020-இல் சாரா தாம்ப்சன் 'காம்பாட் வீல்சேர்' என்று விதிகளே எழுதி வெளியிட்டார். ஸ்ட்ராட்டா மினியேச்சர்ஸ் அதற்கு உருக்களைச் செய்தது. வாங்க முடியாவிட்டால் செய்துகொள்ளலாம். 61 செ.மீ. சக்கரம் 1:56 அளவில் 10.9 மி.மீ.; சாதாரணச் சட்டைப் பொத்தான் சுமார் 11 மி.மீ. நான்கு துளைப் பொத்தான் இரண்டு, நடுவில் காகிதக் கிளிப் கம்பி அச்சாக. 32 மி.மீ. அடித்தளம் வையுங்கள், 25 போதாது.

நிறம்

உரு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் எல்லா முகத்துக்கும் பெட்டிப் படத்தில் உள்ள வெளிர் சிவப்பைப் பூசிவிட்டால் பாதி உழைப்பு போச்சு. கறுத்த தோலுக்குக் கறுப்பு மையைக் கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முகம் சாம்பல் பூத்துச் செத்துப்போகும். பர்ன்ட் அம்பர் மூன்று பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு: ஆழ்ந்த கறுப்புத் தோல். அம்பர், சியன்னா, யெல்லோ ஓக்கர் மூன்றும் சமம்: மாநிறம். சியன்னா ஒன்று, ஓக்கர் இரண்டு, வெள்ளை ஒன்று: வெளிர்ந்த நிறம். நிழலுக்கு அதே கலவையில் அல்ட்ராமரின் நீலம் ஒரு துளி. வெளிச்சத்துக்கு ஓக்கரோ ஆரஞ்சோ சேருங்கள், வெள்ளை வேண்டாம். மூக்கு நுனி, கன்ன மேடு, விரல் முட்டி மூன்றும் போதும். உள்ளங்கை ஒரு படி வெளிர். கண் வெள்ளை தூய வெள்ளையாக இருந்தால் முழித்துப் பார்க்கும், சற்று மங்கலாக்குங்கள். பொட்டு வைப்பதானால் ஊசி முனையால் ஒரே ஒரு தொடல். எல்லாப் பெண்ணுக்கும் வைக்க வேண்டாம், அது சீருடை மாதிரி ஆகிவிடும்.

தோடர் பூத்துக்குளியை ஒரு நாயகருக்குப் போர்த்த ஆசை வரும். அது 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலைக்குரிய துணி, பூவேலை செய்பவர்கள் பெண்கள், ஆணும் பெண்ணும் போர்த்துவது. மங்கிய வெள்ளையில் சிவப்பு, கறுப்புப் பட்டைகளை அரை மி.மீ. கோடாக இழுத்தால் போதும். பூவேலையை இந்த அளவில் முயன்றால் கறையாகும். மதிப்போடு, நாயகருக்கும் ஊர்ப் பெரியவருக்கும் போடுங்கள். பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பில்) வாழ்பவர்களின் உடையைக் காட்டுமிராண்டிக் கூட்டத்துக்கோ அரக்கருக்கோ மாட்டிவிடுவது தவறு. படுகர், கோத்தர், இருளர், குறும்பர் எல்லாருக்கும் இதே அளவுகோல்தான்.

எப்போது, எந்த வரிசையில்

ஸ்ப்ரே பிரைமரும் மேட் வார்னிஷும் ஈரக் காற்றில் மாவாகப் படியும். வார்னிஷ் என்றால் முடித்த உருவின் மேல் வெண்பனி மாதிரி நிற்கும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரிலும் டப்பாவைத் தொடவே வேண்டாம், தூரிகையால் பூசுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள், டப்பாவை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்கி, முதலில் ஒரு வீணான உருவில் அடித்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் தொடங்குபவர் தாள் உரு 24-ஐயும் செய்து உடனே ஆட ஆரம்பிக்கலாம். ஐந்தாறு ஆட்டத்தில் யார் எந்தப் பாத்திரத்தை விரும்பிக் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் பெட்டியை வரவழைத்து, ஒட்டுவதும் பட்டி வேலையும் வீட்டுக்குள்ளேயே முடியும். நோட்டில் திரும்பத் திரும்ப வரும் மூன்று நான்கு பேரை மட்டும் சமவெளியில் பிரிண்ட் எடுங்கள். ஜனவரி வெயிலில் பிரைமர் அடித்து, எதிரிகள் பத்துப் பேரை முதலில் வர்ணம் பூசுங்கள். நாயகர்களைக் கடைசியில் வையுங்கள். அவர்களைப் பூச ஆடுபவர்களே கை நீட்டி வருவார்கள்.